பேரும் இல்லாமல் சாரும் இல்லாமல்

பெரம்பலூரில் எங்கள் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. கீழே ரப்பர் வாசனை, மேலே ஆஸ்திரேலியா. காலை எட்டரை மணிக்கு நாங்கள் ஒன்பது பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், அந்த நாட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். திரைச்சீலை, மெத்தை உறை, நாய்ப் படுக்கை இவற்றையெல்லாம் இணையத்தில் வாங்கியவர்கள் எங்களிடம் குறை சொல்ல ஆரம்பிப்பார்கள். வாயால் அல்ல, எழுத்தால். கடையின் இணையப் பக்கத்தில் ஓரமாக ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அவர்கள் அங்கே தட்டுவார்கள், நாங்கள் இங்கே தட்டுவோம். குரல் கேட்காது, முகம் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. எங்கள் எல்லோருடைய விரல்களுக்கும் 'சார்' என்பது மூச்சு மாதிரி. வணக்கம் சார், மன்னிக்கவும் சார், உங்கள் போர்வை நாளை வரும் சார். பெயர் பெண் பெயராகத் தெரிந்தால் மேடம். பெயரைப் பார்த்து ஒன்றும் விளங்காவிட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று சார். பள்ளிக்கூடத்தில் சார், டீச்சர் என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஓட்டியவர்கள் நாங்கள். எங்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

ஆனால் அந்த ஆஸ்திரேலியக் கடைக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். ஒரு திங்கட்கிழமை எங்கள் மேலாளர் புது விதியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். வாடிக்கையாளர் ஆணா பெண்ணா என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. சார், மேடம் இரண்டும் இனிமேல் கிடையாது. மூன்றாவது ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்தால், அவரே சொல்லாதவரை 'ஹி'யும் வேண்டாம், 'ஷி'யும் வேண்டாம், பலரைச் சொல்கிற 'தே'யையே எழுதுங்கள். எங்கள் உரையாடல்களை அந்த ஊரிலிருந்து ஒருவர் வாசித்து மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண் பட்டியலில் இதற்கென்று தனியாக ஒரு வரி, இருபது மார்க்.

எனக்கு அன்றைக்குத் தீபாவளி. நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். இந்தச் சண்டையைப் போனில் இரண்டு வருடமாகப் பின்தொடர்ந்து வருகிறேன். ஒருத்தரைப் போய்ப் பன்மையில் சொல்வது ஆங்கிலத்தையே கெடுப்பது என்று ஒரு கூட்டம். யாரென்று தெரியாத ஒருவரைத் 'தே' என்று சொல்வது ஆங்கிலத்தில் எத்தனையோ தலைமுறையாக இருப்பதுதானே என்று இன்னொரு கூட்டம். தன்னை ஆண் என்றும் பெண் என்றும் சொல்லிக்கொள்ளாதவர்கள் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்களேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாத வெள்ளைக்காரர்களோடு இதைப் பற்றி நான் கருத்துப் பெட்டிகளில் மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது அந்தச் சண்டையே அரியலூர் பஸ் பிடித்து எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிட்டது. சும்மா விடுவேனா?

மறுநாள் ஒரு சார்ட் அட்டை வாங்கிவந்து சுவரில் ஒட்டினேன். சிவப்பில் எழுதக் கூடாதவை, பச்சையில் எழுத வேண்டியவை. அதோடு விடாமல், யாராவது சார் என்று தட்டினால் எல்லோருக்கும் ஒரு கடலை மிட்டாய் வாங்கித் தர வேண்டும் என்று அபராதமும் விதித்தேன். முதல் நாளே என் மேசையில் கடலை மிட்டாய் குவிந்தது. அதில் பாதி நானே வாங்கி வைத்தது.

எனக்கு எதிர் மேசையில் ஒரு அண்ணன். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இந்த வேலையும் பார்ப்பவர். எதையும் மறுத்துப் பேசாமல் அவருக்கு டீ இறங்காது.

"ஏம் மேடம்," என்றார், தெருமுனை டீக்கடையில். என்னைக் கிண்டல் செய்வதென்றால் மட்டும் மேடம். "பன்மைன்னா பன்மை. ஒரே ஆளப் போயி 'தே'ன்னு எழுதுனா, அங்க குடோன்ல இருக்கறவன் எத்தன பேருக்குப் பார்சல் கட்டுவான்?"

"அண்ணே, காலைல மேனேஜர் வந்தப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? வந்துட்டாங்கன்னு சொன்னேன்."

"எத்தன மேனேஜர் வந்தாங்க?"

டீக்கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அண்ணன் விடவில்லை. "அது மரியாத, தங்கச்சி. மரியாதைக்கு ஒரு பன்மை. அது வேற."

"இதுவும் மரியாததான். யாருன்னு தெரியாத ஆளுக்கு நாமளா ஒரு பட்டம் கட்டாம இருக்கறது."

"அப்ப நாயி பூனைக்கும் அவங்கன்னு சொல்லுவியா?"

"அத விடுங்க. என்னைப் பத்தி நேத்து மேனேஜர்கிட்ட என்ன சொன்னீங்க? 'அந்தப் புள்ள இன்னும் வரல, பஸ்ஸு லேட்டுன்னுச்சு'. உங்க கூட்டாளி லேட்டா வந்தா மட்டும் 'அவரு பஸ்ஸுல வராரு'. நான் மட்டும் எப்படி அஃறிணை ஆனேன்?"

அண்ணன் டீ டம்ளரை உற்றுப் பார்த்தார். "அது பாசத்துல சொல்றது," என்றார்.

"பாசம் பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும்தான் வருமா?"

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் இதையே அப்பாவிடமும் ஆரம்பித்தேன். எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி 'அது காலேஜுக்குப் போவுது' என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பி அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார்: "இந்தா, கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு வந்துட்டாங்க, பாரு. வைக்கல அவங்களுக்குப் போடு." ஒரு வாரம் எங்கள் வீட்டில் கோழி வந்தாங்க, ஆடு மேய்ஞ்சாங்க. என் சீர்திருத்தம் அங்கே அந்த அளவில் நின்றது.

இதெல்லாம் எனக்கு விளையாட்டு. ஆனால் ஆபீஸில் ஒருத்தருக்கு இது விளையாட்டாக இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு அக்கா. திருமானூரிலிருந்து வருபவர். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, கீழப்பழுவூர் வழியாக அரியலூர் வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து பெரம்பலூர் வந்து சேர்வார். அரியலூரில் நானும் ஏறிக்கொள்வேன். பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டுக் கல்யாணமாகி எட்டு வருடம் வீட்டில் இருந்தவர். ஒரு பையன் இரண்டாம் வகுப்பு. இந்த வேலைக்கு வருவதற்கு அவர் மாமியாரிடம் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார். மூன்று மாதம் போய்ப் பார்க்கிறேன், நிரந்தரம் செய்தால் தொடர்கிறேன், செய்யாவிட்டால் பேசாமல் வீட்டில் இருந்துகொண்டு மாட்டையும் கரும்பையும் பார்க்கிறேன். மாமியார் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. 'ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி பொட்டி தட்டறதுக்கு இங்க என்ன கொற' என்று தினமும் ஒரு தடவை கேட்பாராம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு தடவை தவறாது.

நிரந்தரம் ஆக, கடைசி இரண்டு வாரமும் நூற்றுக்கு எண்பது வாங்க வேண்டும். அக்கா வாங்கிக்கொண்டிருந்தது எழுபது, எழுபத்திரண்டு. மற்ற எல்லா வரியிலும் நல்ல மார்க். ஆர்டரைத் தேடிப் பிடிப்பதில் அவரைப்போல வேகமான ஆள் எங்களில் கிடையாது. போய்ச் சறுக்குவது அந்த ஒரே வரியில். சார்.

ஒரு நாள் அக்கா தட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். எதிர்முனையில் இருந்தவர் எழுதியிருந்தார்: நான் சாரும் இல்லை, மேடமும் இல்லை, தயவுசெய்து என் பெயரைச் சொல்லுங்கள். கோபமாகக்கூட எழுதவில்லை. எத்தனையோ இடத்தில் சொல்லிச் சொல்லிச் சலித்த ஒருத்தர் எழுதுகிற மாதிரி இருந்தது.

"மனசு நோவடிச்சிட்டேனா புள்ள?" என்றார் அக்கா.

"மன்னிப்புக் கேட்டு எழுதுங்கக்கா. அவ்வளவுதான்."

அக்கா எழுதினார். மன்னிக்கவும் என்று ஆரம்பித்து அழகாக ஒரு வரி. அனுப்பும் பொத்தானையும் அமுக்கிவிட்டார். வரியின் கடைசியில் சார் இருந்தது.

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. அக்கா மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு என் உற்சாகம் முழுவதும் அக்கா பக்கம் திரும்பியது. இரண்டு வாரத்துக்குள் இவரைத் தேற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். சார்ட்டைப் பெயர்த்து அவர் கண்ணெதிரே ஒட்டினேன். விசைப்பலகையில் ஒரு துண்டுச் சீட்டு. பஸ்ஸில் பாடம். ஆங்கிலத்தில் ஏன் இந்தச் சண்டை வந்தது, எந்த எந்தச் சொற்களை யார் யார் புதிதாகக் கண்டுபிடித்துப் பார்த்தார்கள், அவையெல்லாம் ஏன் நிலைக்கவில்லை, 'தே' ஏன் நிலைத்தது என்று அரியலூரில் ஆரம்பித்தால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில்தான் நிறுத்துவேன். அக்கா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னார்:

"எல்லாம் வெளங்குது புள்ள. யாரும் யாரையும் பாத்து நீ ஆம்பள, நீ பொம்பளன்னு முடிவு கட்டக்கூடாது. நியாயந்தான். ஆனா சார எடுத்துட்டா வரி மொட்டையா நிக்குது. ஒரு பெரிய மனுசங்ககிட்ட 'பார்சல் வரும்'னு சொல்லிட்டு அப்படியே வாயப் பொத்திக்கணுமா?"

"பேரைப் போடுங்கக்கா. அதுதான் அவங்களுக்கு மரியாத."

"நேத்து வந்தவங்களுக்கு எழுவத்தி நாலு வயசாம். அவங்களே சொன்னாங்க. எங்க மாமனார் வயசு. பேரச் சொல்லுன்றியே, விரல் வர மாட்டேங்குது."

அன்றும் அப்படி ஒருவர் வந்தார். சாரும் போட முடியாமல் பெயரும் போட முடியாமல் அக்கா யோசித்துக்கொண்டே இருக்க, அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமை இழந்து பெட்டியை மூடிவிட்டுப் போனார். இப்போது நேரத்துக்கான வரியிலும் மார்க் போனது. அந்த வாரம் அறுபத்தெட்டு. பாடம் எடுத்து மார்க்கைக் குறைத்த பெருமை என்னைச் சேர்ந்தது.

நடுவில் ஒரு நாய் வேறு. நாய்ப் படுக்கை வாங்கிய ஒருவரிடம் அக்கா அந்த நாயை 'இட்' என்று எழுதிவிட்டார். உடனே பதில் வந்தது, அவள் ஒன்றும் பொருள் அல்ல, அவளுக்கு ஆறு வயதாகிறது என்று. அக்கா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நாய்க்கு மட்டும் ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டு எழுதணும். மனுசருக்குக் கேக்கப்படாது. அப்படித்தான?"

அண்ணன் எதிர் மேசையில் கைதட்டினார். "இதத்தான் நான் பத்து நாளா கேக்கறேன்!"

"அந்த நாய்க்கு எதுன்னு அவங்க சொல்லிட்டாங்கல்ல அண்ணே. சொன்னா சொன்னபடி கூப்புடறது. சொல்லாதவரைக்கும் நாமளா முடிவு பண்றதில்ல. மனுசருக்கும் அதே சட்டந்தான்," என்றேன். சரியாகத்தான் சொன்னேன். ஆனால் சரியாகச் சொல்வதால் அக்காவுக்கு ஒரு மார்க்கும் ஏறவில்லை.

மேலாளர் அக்காவைத் தனியாக அழைத்துப் பேசினார். அந்த அறுபத்தெட்டை விட்டுவிடச் சொல்லி எழுதிக் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்கள், ஆனால் அடுத்த இரண்டு வாரம்தான் கடைசி என்று. அக்கா வெளியே வந்து இதை ஒரே மூச்சில் என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தார். அன்று பஸ்ஸில் நான் பாடம் நடத்தவும் இல்லை. இரண்டு பேரும் ஜன்னல் வழியாகச் சோளக்கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

பாதி வழியில் அக்காவின் போன் அடித்தது. வீட்டுக்காரர். பையனின் தடுப்பூசி அட்டையைத் தேடுகிறாராம். சத்தமான பஸ் என்பதால் அக்காவும் சத்தமாகத்தான் பேசினார்.

"ம்... சொல்லுங்க. இல்லங்க, பீரோவுல இல்ல, அதுக்கு மேல பாருங்க. மஞ்சப் பை. ஆங்... அதான். சாப்டாச்சா? சூடு பண்ணிக்குங்க, அப்படியே சாப்புட வேணாம். மோட்டார் நின்னுச்சா? சரி, சரிங்க... அத்தைகிட்ட குடுங்க." பிறகு மாமியாரிடம், வீட்டுக்காரரைப் பற்றி: "அத்த, மாத்திரை போட்டுட்டாங்களான்னு பாத்துக்குங்க. கேட்டா போட்டுட்டேம்பாங்க. நம்பாதீங்க."

போனை வைத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன புள்ள அப்படிப் பாக்கற?"

"அக்கா, மாமா பேரு என்ன?"

அக்கா முகம் சிவந்து சிரித்தார். மூன்று மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், மாமாவின் பெயர் எனக்குத் தெரியாது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பஸ் ஒரு கடைத்தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டினார். "அந்தா, அந்த ஜவுளிக்கடை போர்டுல ரெண்டாவதா இருக்கு பாரு, அதுதான்." வாசிப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது. "போச்சு," என்றார், கவலையே இல்லாமல்.

"எட்டு வருசத்துல ஒரு தடவகூட சொன்னதில்லையா?"

"எதுக்குச் சொல்லணும்? ரேசன் கடையில கேட்டப்பகூட பையன வுட்டுச் சொல்லச் சொன்னேன்."

கல்லூரியில் இந்தப் பழக்கத்தை எதிர்த்து நான் ஒரு கட்டுரையே வாசித்திருக்கிறேன். பரிசும் வாங்கினேன். கணவன் பெயரைச் சொல்லாதது அடிமைத்தனம் என்று மேசையைத் தட்டிப் பேசியது எனக்கு அப்போதே நினைவுக்கு வந்தது. அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்துவிட்டு, அடுத்த நொடியே துள்ளினேன்.

"அக்கா! எட்டு வருசமா ஒரு ஆளோட குடும்பம் நடத்திருக்கீங்க. பேரு சொல்லாம, சார் சொல்லாம, ஒரு நாள் மரியாத கொறையாம. இப்பப் பேசுனீங்களே அஞ்சு நிமிசம், அதுல எங்கியாச்சும் வரி மொட்டையா நின்னுச்சா?"

"அது நம்ம வூடு புள்ள."

"கஸ்டமருகிட்டயும் அப்படியே பேசுங்க."

அக்காவுக்குப் புரிய ஒரு வினாடி ஆனது. புரிந்ததும் என் தோளில் ஓங்கி ஒரு அடி. "சீ! கஸ்டமர் எல்லாம் எனக்கு வூட்டுக்காரங்களா? போ அந்தப் பக்கம்!" முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அரியலூர் வரை சிரித்தார்.

ஆனால் மறுநாள் காலை செய்து பார்த்தார். முதல் பெட்டி திறந்ததும் விரல் பழக்கத்தில் சாருக்குப் போனது. நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ நினைத்தார். பிறகு ஆங்கிலத்தில் இப்படித் தட்ட ஆரம்பித்தார்: பார்த்துவிட்டேன். நேற்றே கிளம்பிவிட்டது. வாசலில் வைத்திருப்பார்கள், கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கிடைத்ததா? நல்லது. பெயர் இல்லை, சார் இல்லை, மேடம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. ஆங்கிலத்தில் அதற்கு எழுத்து கிடையாது. எப்படியோ இருந்தது.

மூன்றாவது ஆளைப் பற்றிய சிக்கலும் அவருக்குச் சிக்கலாகவே இல்லை. என்னோடு தங்கியிருப்பவர் வாங்கிக்கொள்வார் என்று ஒருவர் எழுதினால், அக்கா கொஞ்சமும் தயங்காமல், வீட்டில் இருப்பவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எழுதினார். ஆணா பெண்ணா என்ற கேள்வியே அந்த வரிக்குள் வரவில்லை. தன் வீட்டுக்காரரையே அவர் ஊரெல்லாம் 'எங்க வூட்ல' என்றுதானே சொல்கிறார். நான் இரண்டு வருடமாகப் போனில் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டதை அக்கா கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து பழகியிருந்தார். நான் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டு குறுக்கே நின்றிருக்கிறேன்.

இந்த ரகசியத்தை மூடிவைக்கும் அளவுக்கு என் வாய்க்குப் பொறுமை கிடையாது. மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் பெட்டியைத் திறந்தாலும், "அக்கா, இன்னொரு மாமா வந்துருக்காரு," என்று ஒரு குரல். "வாயக் கழுவு," என்பார் அக்கா, தட்டுவதை நிறுத்தாமலேயே.

அந்த வாரம் எண்பத்தெட்டு.

அண்ணனுக்கு அறுபத்தொன்பது. அவர் சொல்லவில்லை, நான் திரையில் பார்த்துவிட்டேன். 'தே' தவறு என்று கொள்கையோடு நின்றவர், கொள்கையை விட்டுக்கொடுக்காமல் அக்காவின் நாற்காலிப் பக்கம் மெதுவாக வந்தார்.

"எக்கா, நான் இந்த 'தே' எல்லாம் எழுத மாட்டேன். ஆனா ஆளையே சொல்லாம எழுதறீங்களே, அத மட்டும் எப்படின்னு காட்டுங்க."

"கல்யாணம் ஆவட்டும் தம்பி, தானா வரும்."

"நான் ஆம்பள, எனக்கு எப்படிக்கா வரும்?"

"கட்டிக்கிட்டு வர்ற பொண்ண ஒரு மாசம் பேரு சொல்லாம, ஏய்னும் சொல்லாம, வாங்க போங்கன்னு கூப்புட்டுப் பாருங்க. வராமப் போயிருமா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். இந்தப் பக்கம் நான் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டு சிரித்தேன். ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் ஒரு பக்கமாகவே சுமத்தப்பட்டது என்று நான் இப்போதும் நினைக்கிறேன். கட்டுரையின் பரிசைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அது அக்காவுக்கு என்ன கைத்திறனைக் கொடுத்திருந்தது என்பது அந்தக் கட்டுரையில் இல்லை.

கடைசி வாரம். திங்களிலிருந்து வியாழன் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு பெட்டி திறந்தது. முந்தைய நாளிலிருந்து ஒரு மெத்தைக்காகக் காத்திருக்கும் ஆள். தரையில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டதாம். வண்டி எப்போது வருமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். அக்கா லாரிக்காரரின் பட்டியலைத் திறந்து தேட ஆரம்பித்தார். தேடிக்கொண்டே ஒரு வரி தட்டி அனுப்பினார். பிறகுதான் தான் என்ன அனுப்பினோம் என்று பார்த்தார்.

"புள்ள," என்று என் நாற்காலியைத் தட்டினார். "கெட்டுச்சு."

எட்டிப் பார்த்தேன். முதலில் சாப்பிடுங்கள், அதற்குள் நான் கண்டுபிடித்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தது.

வாடிக்கையாளரின் சொந்த விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது மதிப்பெண் பட்டியலில் வேறொரு வரி. பதினைந்து மார்க். எங்கள் மேலாளர் பின்னால் வந்து நின்று வாசித்தார். "என்னம்மா இது, சாப்பிடச் சொல்லிருக்கீங்க?" என்றார்.

"வாய் தவறி வந்துடுச்சு சார். எங்க வூட்ல சொல்ற மாதிரியே..."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்காரரிடம் பேசுவது மாதிரிப் பேசுங்கள் என்று துள்ளியது யார்? பேச்சு வந்தால் கூடவே சாப்பிட்டாயா என்ற கேள்வியும் வரத்தானே செய்யும்? எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் ஒரு போன் பேச்சு முடிந்ததாக நான் கேட்டதில்லை. அதை யோசிக்காமல் போன வாத்தியார் நான்.

ஐந்து நிமிடம் எதிர்முனையில் ஒன்றும் வரவில்லை. அக்கா அதற்குள் லாரியைக் கண்டுபிடித்துவிட்டார், இரண்டு தெரு தள்ளி நிற்கிறது என்று எழுதிவிட்டார். பிறகு பதில் வந்தது. ரொட்டி தின்றுகொண்டிருந்தேன், வண்டி வந்துவிட்டது, நன்றி என்று. அதற்குக் கீழே, சாப்பிட்டாயா என்று இன்றைக்கு வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை என்று இன்னொரு வரி.

வாரத்துக்குப் பத்து உரையாடலை எடுத்துத்தான் மார்க் போடுவார்கள். அந்தப் பத்தில் இது வராமலிருக்க வேண்டும் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வேண்டிக்கொண்டேன். அக்கா எனக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேலாளர் அக்காவை உள்ளே அழைத்தார். கதவு கண்ணாடிக் கதவு. நாங்கள் எட்டுப் பேரும் வேலை பார்ப்பது போல உட்கார்ந்திருந்தோம். ஒரு பெட்டிகூட யாரும் திறக்கவில்லை. ஆஸ்திரேலியா காத்திருந்தது.

அக்கா வெளியே வந்தார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்து, மூடி போட்டார்.

"எடுத்துட்டாங்க புள்ள, அந்த மெத்த ஆள."

"ஐயோ."

"பதினஞ்சும் போச்சு. எம்பத்தி மூணு."

கணக்குப் போட எனக்கு நேரம் பிடித்தது. மற்ற எல்லாம் சேர்த்து இரண்டே இரண்டு மார்க்தான் குறைந்திருக்கிறது. எண்பத்து மூன்று. எண்பதுக்கு மேல். நான் கத்தியதில் கீழே டயர் கடையிலிருந்து ஒருவர் மாடிப்படியில் பாதி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மார்க் போட்டவர் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாராம். இனிமேல் சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்று ஒரு வரி. இவர் எழுதிய பத்து உரையாடலை மாதிரியாக வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் காட்டுங்கள் என்று இன்னொரு வரி. அண்ணன் எழுந்து போய் என் சார்ட்டைச் சுவரிலிருந்து கழற்றினார். நான் தடுக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, அதில் அக்கா எழுதட்டும் என்று நானே நீட்டினேன்.

அக்கா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரர் வயலில் இருப்பார், போனை மாமியார்தான் எடுப்பார் என்பது அவருக்குத் தெரியும். எடுத்தார். வயலுக்கே கேட்கிற குரல், எனக்கும் கேட்டது.

"அத்த, வேலைய நெரந்தரம் பண்ணிட்டாங்க."

"யாரு?"

"ஆபீஸுல."

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது. வாளி ஒன்று எங்கோ உருண்டது. அக்கா என் மணிக்கட்டை விடவே இல்லை.

"அப்ப நாளைக்கும் போவணுமா?"

"ஆமாங்கத்த. நாளைக்கும்."

"ஆறு மணி வண்டில நின்னுக்கிட்டே போறேன்னுதான சொன்ன? அஞ்சே முக்காலுக்கு ஒன்னு போவுதாம். டிப்போக்காரரு சொன்னாரு. அதுல ஏறுனா ஒக்காந்து போவலாம்."

"சரிங்கத்த."

"புள்ளைய நான் கெளப்பி வுட்டுக்கறேன்."

போன் துண்டானது. மாமியார் அந்த டிப்போக்காரரிடம் எப்போது போய்க் கேட்டார் என்று அக்கா என்னைப் பார்த்தார், எனக்குத் தெரியும் என்பது போல. பிறகு மணிக்கட்டை விட்டுவிட்டு, "இன்னும் கா மணி நேரம் முன்னாடி எந்திரிக்கணுமாம், கேட்டியா கொடுமைய?" என்று சொல்லிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.